நண்டுக்குப்பத்துப் புல்தைலம்

செங்கற்பட்டு,
12 அக்டோபர் 1955

தங்கை வேண்டாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கூடப் பிறந்தவன் மானத்தைச் சபையில் வைத்து வாங்குகிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை.

ஆடி மாதக் கூட்டத்தை நான் மறக்கவில்லை. டாக்டரம்மா நடுவில் உட்கார்ந்திருக்கிறார். தாலூகாவிலுள்ள மருத்துவச்சிகள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். நீ எழுந்து நின்று, “சுகாதார இன்ஸ்பெக்டர் பார்த்து அனுப்புகிற பினாயிலில் ஈ நீந்தி விளையாடுகிறது” என்றாய். அந்த இன்ஸ்பெக்டர் உன் அண்ணன் என்று அங்கே தெரியாதவர் யார்? கம்பவுண்டர்கூடச் சிரித்தான். அதற்கப்புறம் உன்னை இங்கிருந்து தூக்கி மகாபலிபுரத்துக்குத் தெற்கே நண்டுக்குப்பத்துப் பிரசவ விடுதிக்குப் போட்டார்கள். போடச் சொன்னவன் நான் இல்லை. தடுத்தவனும் நான் இல்லை.

போன இடத்திலாவது வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பாய் என்று நினைத்தேன். உன் விடுதி ஆயா முனியம்மாவை நேற்று பஜாரில் பார்த்தேன். “இன்னா சார், நம்ம வார்டு இப்போ சோப்புக் கடை மாரி கமகமன்னு கீது. ஒங்க தங்கச்சி பினாயில் டின்ன தொடவே வுடாது. புல்லுத் தைலத்த சோப்புத் தண்ணியில கலக்கி ஊத்தித் தேச்சிக்கினு கீது” என்றாள். பஜாரில், பத்துப் பேர் காதில் விழும்படி.

அது சர்க்கார் பிரசவ விடுதியா, சந்தையில் பாம்பு காட்டித் தைலம் விற்கிறவன் கூடாரமா? நர்ஸ் படிப்புக்கென்று உன்னைச் சென்னைக்கு அனுப்பியது புல்லை முகர்ந்து பார்க்கவா? இலை தழையை அரைத்துப் பூசினால் கிருமி சாகும் என்றால் ஆடு மாடுகளுக்கு நோயே வரக்கூடாது. அவை நாள் முழுவதும் அதைத்தான் தின்கின்றன.

இலாகா அனுப்புகிற சரக்கைப் பயன்படுத்து. இது அண்ணனாகச் சொல்வது. அடுத்த தடவை இன்ஸ்பெக்டராகச் சொல்ல வைக்காதே.

தர்மராஜ்

*

நண்டுக்குப்பம்,
17 அக்டோபர் 1955

மதிப்பிற்குரிய சுகாதார இன்ஸ்பெக்டர் அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் என் பிழையைத் திருத்திக்கொள்கிறேன். உங்கள் பினாயிலில் ஈ நீந்தியது என்று நான் சொன்னது சரியில்லை. அது குளித்துவிட்டுக் கரையேறிப் பறந்துபோனது.

நல்ல பினாயிலைத் தண்ணீரில் விட்டால் பாலாக வெளுக்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் காண்ட்ராக்டர் அனுப்பும் டின்னிலிருந்து ஒரு கரண்டி விட்டேன், இரண்டு கரண்டி விட்டேன். வாளித் தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி ஆனதே தவிர வெளுக்கவில்லை. மூடியைத் திறந்தால் பழைய தாரின் வாடை மட்டும் லேசாக வருகிறது. இதைத்தான் நீங்கள் ஒவ்வொரு தடவையும் பார்த்து, தலையை ஆட்டி, வண்டியில் ஏற்றி அனுப்புகிறீர்கள்.

இங்கே நான்கு கட்டில். நான் வந்த ஆவணி மாதத்தில் மட்டும் பிள்ளை பெற்ற மூன்று பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். தனகோடி என்ற பெண் பிழைக்கவில்லை. கட்டுமரக்காரர் அப்பாசாமியின் மனைவி. அவளுக்கு முதல் பிரசவம். பிள்ளை பிறந்து நன்றாகத்தான் இருந்தாள். கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று என்னிடம் சண்டைகூடப் போட்டாள். அப்புறம் குளிர் வந்தது. அவளுக்கு முன் அதே கட்டிலில் காய்ச்சலோடு இருந்தவள் பிழைத்து வீட்டுக்குப் போனதும் அந்தக் கட்டிலையும் தரையையும் துடைத்தது உங்கள் டின்னிலிருந்துதான். துடைத்தது நான்தான்.

தனகோடி இறந்த அன்றைக்கே அந்த டின்னைத் தூக்கிக் கொல்லையில் வைத்தேன். சென்னையில் எங்களுக்கு மூத்த நர்ஸாக இருந்த திருவிதாங்கூர் அம்மா ஒருவர், மருந்து தீர்ந்துபோனால் எலுமிச்சம்புல் தைலத்தைச் சோப்புக் கரைசலில் கலந்து தரையும் கட்டிலும் துடைப்பார். கையையும் அதில்தான் கழுவுவார். இங்கே திருக்கழுக்குன்றம் போகும் பாதையில் கண்ணாயிரம் என்று ஒருவர் செப்புப் பானை வைத்து அந்தப் புல்லைக் காய்ச்சித் தைலம் இறக்குகிறார். சென்னைச் சோப்புக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். நானும் வாங்குகிறேன். புரட்டாசி முழுக்க ஒருத்திக்கும் காய்ச்சல் இல்லை.

ஆடு மாடு தின்னும் புல் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் புல்லை மாடு தின்னாது அண்ணா. மாட்டுக்கு மூக்கு இருக்கிறது.

வேண்டா

*

செங்கற்பட்டு,
25 அக்டோபர் 1955

வேண்டாவுக்கு,

உன் நக்கலைப் படித்தேன். நன்றாக எழுதுகிறாய். நர்ஸ் வேலைக்குப் பதில் நாடகக் கம்பெனிக்கு வசனம் எழுதப் போயிருக்கலாம்.

குப்பத்துப் பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்தாள் என்றால் அதற்குக் காரணம் ஆயிரம் இருக்கும். வீட்டில் எந்தக் கிழவி கையை விட்டாளோ, எந்த அழுக்குத் துணியைச் சுற்றினாளோ. அதையெல்லாம் விட்டுவிட்டு என் டின்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். ஒரு மாதம் காய்ச்சல் வரவில்லை என்றால் உன் புல் கிருமியைக் கொன்றுவிட்டது என்று அர்த்தமா? ஒரு மாதம் மழை பெய்யவில்லை என்றால் குடையா நிறுத்தியது?

காண்ட்ராக்டர் பெரிய மனிதர். இந்த ஊரில் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அவர்தான் கொடுக்கிறார். எந்த டாக்டரும் குறை சொன்னதில்லை. குறை சொன்னவள் நீ ஒருத்திதான்.

இன்னொன்று. உன் அண்ணி சந்திரம்மாவுக்கு யார் கையிலோ ஒரு சீசா தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறாய். அவள் அதை வீடு முழுக்கத் துடைத்து வைத்திருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் எலுமிச்சம்பழ மிட்டாய் வாடை. வீட்டுக்கு வந்த ஹெட்கிளார்க் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என்ன தர்மராஜ், நாட்டியக்காரி யாராவது வந்துபோனாளா?” என்று கேட்கிறார். அவளுக்கு இது ஏழாம் மாதம். பிரசவம் இந்த ஊரில், பஜாருக்குப் பின்னாலிருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியில்தான். இன்ஸ்பெக்டரின் மனைவி நாகரிகமான இடத்தில் பிள்ளை பெறுவாள். அவள் மனத்தைக் கலைக்கிற வேலையை விட்டுவிடு.

பிறந்த வீட்டை மதிக்காதவள் எங்கே போனாலும் இப்படித்தான்.

தர்மராஜ்

*

நண்டுக்குப்பம்,
30 அக்டோபர் 1955

அண்ணனுக்கு,

மூன்றாவதும் பெண் என்று சலித்துப்போய் எனக்கு ‘வேண்டா’ என்று பெயர் வைத்த வீடு அது. அந்த வீட்டை மதிக்கவில்லை என்று எனக்கு எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது என்று தெரியவில்லை.

வாய்ச் சண்டை போதும். உங்கள் கையாலேயே ஒரு சோதனை செய்யுங்கள்.

ஆட்டெலும்பு வேகவைத்த சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டி, மறுபடி கொதிக்கவிட்டு, வெந்நீரில் போட்டெடுத்த மூன்று சீசாக்களில் ஊற்றுங்கள். மூன்றிலும் ஆஸ்பத்திரித் தரையில் கூட்டிய தூசி ஒரு சிட்டிகை. ஒன்றில் உங்கள் பினாயிலைத் தரைக்குக் கலக்கும் அளவில் விடுங்கள். ஒன்றில் அண்ணியிடம் இருக்கும் தைலச் சோப்புக் கரைசல். ஒன்றில் எதுவும் வேண்டாம். துணியால் வாய் கட்டி அலமாரியில் வைத்துவிடுங்கள். பிறகு கண்ணால் பார்க்காதீர்கள். சோப்பு எப்படியும் கலங்கலாகத்தான் தெரியும். மூக்கால் பாருங்கள். எந்தச் சீசா செத்த எலி மாதிரி நாறுகிறதோ அதில் கிருமி குடித்தனம் நடத்துகிறது.

இதைப் படித்துவிட்டு நான் புல் பைத்தியம் பிடித்து அலைகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. வேப்பிலைக் கஷாயத்தையும் இப்படித்தான் வைத்துப் பார்த்தேன். நொச்சியையும் பார்த்தேன். இரண்டும் நாறின, கொட்டிவிட்டேன். இந்தத் தைலமும் அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு பூசிக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். கிணற்றுக்கும் குடிதண்ணீருக்கும் இது ஆகாது. அதற்கு பிளீச்சிங் பவுடர்தான். கண்ணாயிரமோ, “இத்த ரெண்டு சொட்டு குடிச்சா காலராவே ஓடிப்பூடும்மா. பாம்புக் கடிக்கும் கேக்கும்” என்கிறார். வாயை மூடிக்கொண்டு காய்ச்சும் வேலையைப் பாரும் என்று சொல்லிவிட்டேன். பெரிய மனிதர் சொன்னார் என்று நம்புவதற்கு நான் என்ன இன்ஸ்பெக்டரா?

வேண்டா

*

செங்கற்பட்டு,
20 நவம்பர் 1955

வேண்டா,

நீ என்ன மருந்து வைத்தாய் அவளுக்கு?

நேற்று ஆபீஸிலிருந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் சாவி. “சந்திரம்மா மகாபலிபுரம் பஸ்ஸுல போயிட்ச்சி நைனா. பிரசவத்துக்கு நாத்தனாரு கிட்ட போவுதாம்” என்கிறார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி, அந்த ரோட்டில், மழை கொட்டுகிற நாளில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

நான் வந்து கூட்டிப் போகமாட்டேன். பஸ்ஸில் ஏற்றி அனுப்பு. இல்லாவிட்டால் டாக்டரம்மாவையே அழைத்துக்கொண்டு உன் விடுதிக்குச் சோதனைக்கு வருவேன். இலாகா அனுமதிக்காத பொருளைப் பிரசவ வார்டில் பயன்படுத்துகிறவள் மேல் என்ன நடவடிக்கை எடுக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

நீ சொன்ன சீசா விளையாட்டுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்லை.

தர்மராஜ்

*

நண்டுக்குப்பம்,
23 நவம்பர் 1955

அண்ணனுக்கு,

அண்ணி பத்திரமாக வந்து சேர்ந்தார். நனைந்திருந்தார், தலை துவட்டி, சுடுகஞ்சி கொடுத்துப் படுக்கவைத்தேன். நான் அழைக்கவில்லை. ஏன் அண்ணி சொல்லாமல் வந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

“உங்கண்ணாரு எலும்பு வாங்கியாந்து தானே வேக வெச்சாரு. மூணு சீசாவ அலமாரி மேல வெச்சிக்கினு, வர்றப்போ ஒரு தரம் மோந்து பாப்பாரு, போறப்போ ஒரு தரம் மோந்து பாப்பாரு. இன்னாய்யா இதுன்னா ஒனக்கு ஒண்ணும் தெரியாது போன்னாரு. அப்பால ஒரு நாளு காலையில பினாயில் ஊத்துன சீசாவத் தொறந்தாரு. தொறந்தவரு ஓடிப்போயி கொல்லையில வாந்தி எடுத்தாரு. ஒன் தைலம் ஊத்துன சீசா சும்மா புல்லு வாசனையோட இருந்திச்சி. நானும்தான் மோந்தேன். எனக்கு மூக்கில்லையா? சரி, இன்னிக்கிப் போயி ஆஸ்பத்திரியில சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. மறுநாளும் சொல்லல. மூணு சீசாவையும் கழுவிக் கவுத்துட்டு, ஒனக்கு ஆஸ்பத்திரியில கட்டில் சொல்லி வெச்சிட்டேன்னாரு. அந்த டின்னால தொடைக்கிற கட்டில்லியே என்னப் படுக்கச் சொல்றாரு. நான் பஸ் ஏறிட்டேன்.”

சீசா விளையாட்டுக்கு நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

தெரியாமல் தலையை ஆட்டி டின்னை அனுப்பியவரை நான் முட்டாள் என்று நினைத்திருந்தேன். முட்டாளை மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் கூட்டத்தில் சிரித்தவர்களின் முகத்தை நினைத்துக்கொண்டு, சொந்த மனைவிக்கு அந்தக் கட்டிலைச் சொல்லி வைத்தவரை என்ன சொல்வது? எனக்கு வார்த்தை வரவில்லை. நாடகக் கம்பெனிக்கு நான் லாயக்கில்லை.

டாக்டரம்மாவோடு சோதனைக்கு வாருங்கள். வார்டு வாசலில் தொட்டி வைத்திருக்கிறேன். முழங்கை வரை கழுவாமல் உங்களை உள்ளே விடமாட்டேன், அவரையும் விடமாட்டேன். அண்ணி இங்கேதான் பிள்ளை பெறுவார். என் வார்டில் அவருக்கு ஒன்றும் வராது.

வேண்டா

*

நண்டுக்குப்பம்,
23 டிசம்பர் 1955

அண்ணா,

இதை மகாபலிபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணிக்குப் பெண் குழந்தை. குழந்தை நன்றாக இருக்கிறது. நேற்று மாலையிலிருந்து அண்ணிக்குக் குளிர் நடுக்கம். காய்ச்சல் இறங்கவில்லை. வயிறு நோகிறது என்கிறார். தனகோடிக்கு வந்தது இதே மாதிரிதான். பென்சிலின் இங்கே இல்லை. டாக்டரம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். பென்சிலின் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவும் கொண்டுவாருங்கள்.

எல்லாவற்றையும் கழுவினேன் அண்ணா. எல்லாவற்றையும்.

வேண்டா

*

செங்கற்பட்டு,
8 ஜனவரி 1956

வேண்டாவுக்கு,

நேற்று வந்த உன் கார்டில், சந்திரம்மா எழுந்து உட்கார்ந்து, இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று முனியம்மாவைத் திட்டினாள் என்று எழுதியிருந்தாய். அவள் திட்ட ஆரம்பித்தால் பிழைத்துவிட்டாள் என்று அர்த்தம். டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஊசியை நிறுத்திவிடலாம் என்றார்.

அங்கே வைத்துப் பேசினால் சந்திரம்மா காதில் விழும் என்றுதான் காத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

அன்று டாக்டரம்மாவோடு ஜீப்பை விட்டு இறங்கி ஓடிவந்த என்னை வாசலிலேயே நிறுத்தி, “கைய கழுவுங்க” என்றாய். கழுவினேன். உள்ளே மனைவி அனத்துகிறாள். நான் ஒரு வேலைக்காரன் மாதிரி நின்று முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் கையில் ஒரு பிசுக்கு தெரிந்தது. நான் பத்து வருஷமாகக் கடை கடையாக நெய்யில் டால்டா கலந்திருக்கிறதா என்று பார்க்கிறவன். உன் தைல டின்னை எடுத்து, என் பையிலிருந்த காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னலில் வைத்தேன். சுத்தமான வாசனைத் தைலம் என்றால் காற்றில் பறந்துவிடும், காகிதம் வெறுமையாகிவிடும். டாக்டரம்மா ஊசி போட்டு முடித்து வெளியே வந்தபோதும் கறை அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கடலையெண்ணெய். உன் டின்னில் பாதிக்கு மேல் கடலையெண்ணெய்.

உன் முகத்தைப் பார்த்தேன். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கண்ணாயிரத்தை ஆள் விட்டு அழைத்தோமே, அவன் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. “இன்னா சார் பண்றது, மழையில புல்லு அழுவிப் பூட்ச்சி. சோப்புக்காரனும் கேக்கறான், இந்தம்மாவும் கேக்குது. கொஞ்சம் எண்ண ஊத்தினேன். அதான் வாசன கீதில்ல?” வாசனை இருக்கிறதாம். அது போதுமாம். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். நீ தடுத்தாய். ஏன் தடுத்தாய் என்று தெரியவில்லை. என் காண்ட்ராக்டருக்கும் உன் காய்ச்சுகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவன் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டிருக்கிறான். இன்னொருவன் கோவணம் கட்டியிருக்கிறான். இருவருக்கும் நம்மைப் போன்ற ஏமாளிகள் தேவை. எனக்கு அங்கவஸ்திரத்தைக் கண்டால் மரியாதை வருகிறது. உனக்கு வாசனையைக் கண்டால் வந்துவிட்டது. முதல் டின்னுக்கு எலும்புச்சாறு வைத்துப் பார்த்தவள் மழையில் வந்த நாலாவது டின்னுக்கு ஏன் பார்க்கவில்லை?

அன்று திரும்பும் முன் அப்பாசாமியின் வீடு எது என்று கேட்டேன். காட்டினார்கள். வாசலில் ஒரு கிழவி மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போகவில்லை.

போன வாரம் பிரசவ ஆஸ்பத்திரி முற்றத்தில் டாக்டரம்மா எதிரே மூன்று சீசாவைத் திறந்து வைத்தேன். மூக்கைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. காண்ட்ராக்டர், “இன்னா இன்ஸ்பெக்டர், தங்கச்சி ஏவல் வெச்சிடுச்சா? நேத்து வரைக்கும் நல்லாதானே இருந்தீரு?” என்றார். “நேற்று வரைக்கும் மோந்ததை வெளியே சொல்லலய்யா. நீர் இப்ப மோந்து பாரும்” என்று சீசாவை அவர் மூக்கருகே நீட்டினேன். டின்கள் எல்லாம் திரும்பப் போயின. அவருக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வேடந்தாங்கலுக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. கொக்குக்கும் நாரைக்கும் சுகாதாரம் போதிக்கலாம். அவை சிரிக்காது.

சந்திரம்மாவை எப்போது அனுப்புகிறாய்? குழந்தையை அன்று சரியாகப் பார்க்கவில்லை.

தர்மராஜ்

*

நண்டுக்குப்பம்,
15 ஜனவரி 1956

அண்ணனுக்கு,

கண்ணாயிரத்தை ஏன் அடிக்க விடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவரை அடித்தால் உங்கள் மனம் ஆறிவிடும். அதை நான் விரும்பவில்லை. என் மனம் ஆறுவதையும் விரும்பவில்லை.

நாலாவது டின்னுக்கு ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியும். மூடியைத் திறந்தேன், மணந்தது, ஊற்றினேன். உங்களை ஏளனம் செய்வதில் இருந்த கவனம் எனக்கு அந்த டின்னில் இல்லை. அண்ணிக்குக் குளிர் வந்த அன்று அவர் கட்டிலின் கீழே கையால் தடவிப் பார்த்தேன். தரை வழுக்கியது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. நீங்கள் வந்து காகிதத்தை வெளிச்சத்தில் பிடிக்க வேண்டியிருந்தது. டால்டா பிடிக்கிற இன்ஸ்பெக்டர் என்று நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்.

இப்போது எந்த டின் வந்தாலும் வாசலோடு நிற்கும். காகிதத்தில் ஒரு சொட்டு, எலும்புச்சாற்றில் ஒரு கரண்டி. அதற்கப்புறம்தான் உள்ளே. டாக்டரம்மா சென்னையிலிருந்து வரவழைத்த பினாயிலையும் அப்படித்தான் பார்த்தேன். அது நன்றாக வெளுக்கிறது, சீசாவும் நாறவில்லை. கட்டிலடி மலப் பீங்கானுக்கும் கக்கூஸுக்கும் அது. கட்டிலுக்கும் தரைக்கும் கைக்கும் தைலம். கண்ணாயிரம் இப்போது டின்னோடு ஒரு கடுதாசித் துண்டையும் தானே கொண்டுவந்து, “பாத்துக்கோம்மா, நீயே ஊத்திப் பாத்துக்கோ” என்று முறைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு என் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. எனக்கு அவர் மேல் எப்போதும் இருந்ததில்லை. வேலை நடக்கிறது.

மாற்றல் உத்தரவுக்காக நான் வருத்தம் தெரிவிப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னை இங்கே போட்டபோது நீங்கள் தெரிவிக்கவில்லை. ஆனால் முற்றத்தில் சீசாவை நீட்டியதைப் படித்தபோது முனியம்மாவை அழைத்து இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவள், “ஒங்கண்ணனா? மெய்யாலுமா?” என்றாள்.

அண்ணியைப் பற்றி. அவர் செங்கற்பட்டுக்கு வரவில்லை. இன்று காலை அச்சரப்பாக்கத்துக்கு, அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவர் தம்பி வந்து அழைத்துப் போனார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே அவர் பேசினார்:

“நீ இன்னா, அவரு இன்னா? ரெண்டு பேரும் ஒண்ணுதான். யாரு சொன்னது சரின்னு பாக்கறதுக்கு நான்தான் ஒங்களுக்கு நாலாவது சீசா. அதுல இன்னா ஊத்தினா இன்னா ஆவுதுன்னு வேடிக்க பாத்தீங்க. அவரு வாயத் தொறக்கல, நீ வாய மூடல. நடுவுல நான் செத்திருப்பேன். எனக்கு ஒங்க பினாயிலும் வாணாம், தைலமும் வாணாம். கொஞ்ச நாளு எங்க அம்மா சோத்தத் துன்னுட்டு, யாரு மூஞ்சியையும் பாக்காம கெடக்கிறேன்.”

பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை கூடப் போனேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. குழந்தை விழித்துக்கொண்டு கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றார். பஸ் புறப்படும்போது தலையை வெளியே நீட்டினார்.

“கொயந்தைக்கு அப்படியே அவரு மொறம் மாரி காது வந்துட்ச்சின்னு சொல்லு. பொட்டப்புள்ள அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப்போவுதோ. அத்த நெனச்சி நெனச்சி அவரு கொஞ்ச நாளு பேஜாரா கெடக்கட்டும்.”

சொல்லிவிட்டேன்.

வேண்டா